சீர்த்தட்டில் வந்த எருக்கு

படித்தவர்கள் செய்கிற முட்டாள்தனத்துக்கு ஒரு தனி வசதி உண்டு. ஏன் செய்தோம் என்று விளக்க அவர்களிடம் முப்பது பக்க அறிக்கை இருக்கும். என்னிடமும் இருந்தது. வண்ணப்படங்களோடு, சுருள்கம்பி போட்டுக் கட்டிய அறிக்கை. அதை நம்பித்தான் என் கூடப்பிறந்த அக்காவின் குடும்பத்தை, அவர்கள் புதுவீட்டில் பால் காய்ச்சிய அன்றே, உறவினர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும், மேளதாளத்தோடு சபித்துவிட்டு வந்தேன். (எண்ணம் நல்லதுதான். எண்ணத்தை யார் கேட்கிறார்கள்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கோயம்புத்தூரில் நகரச் சூழலியல் படித்துவிட்டு, சேலத்தில் ஒரு சிறிய வடிவமைப்பு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அது என்ன படிப்பு என்று எடப்பாடியில் தறி ஓட்டும் என் அப்பா ஒருநாள் கேட்டார்.

"ஊருக்குள்ள மனுசங்க மட்டும் இல்லாம பூச்சி, பறவை, ஓணான் எல்லாஞ் சேந்து பொழைக்கற மாதிரி ஊடு, தெருவெல்லாம் அமைக்கறதுங்கப்பா."

அப்பா தறியை நிறுத்தாமலே சொன்னார். "அதுங்க இப்பவே நம்மூட்லதான சாமி இருக்குதுங்க."

அவரைத் திருத்தவேண்டும் என்று அன்று நினைத்தேன். எனக்கு அப்போது எல்லோரையும் திருத்தவேண்டியிருந்தது.

எங்கள் அலுவலகத்துக்குச் சங்ககிரிப் பக்கம் ஒரு பேரூராட்சியின் வேலை வந்தது. (ஊர்ப்பெயர் வேண்டாம். அக்கா இன்னும் அங்கேதான் குடியிருக்கிறாள்.) ஊருக்கு ஒருபுறம் ஏரி. மறுபுறம் ஒரு கரடு, அதாவது பாறையும் முள்ளுமான சின்னக் குன்று. நடுவில் நிலக்கடலை போட்டுக்கொண்டிருந்த மேட்டுநிலம் முழுக்க மனைகளாகி, ஐந்து தெருவில் வீடுகள் வந்துவிட்டன. லாரி வைத்திருப்பவர்கள், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர்கள், சம்பளக்காரர்கள் என்று கலந்து கட்டியிருந்தார்கள். எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. வாசலில் ஒரு சாண் மண்கூடத் தெரியாது. மண் தெரிந்தால் கௌரவக் குறைச்சல்.

கரட்டில் இருக்கும் வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் தேன்சிட்டும் ஏரிப்பக்கம் வரவேண்டுமானால் வழியில் உட்கார இடம் வேண்டும், தின்ன ஏதாவது வேண்டும். ஆகவே ஒவ்வொரு வீட்டின் சுற்றுச்சுவருக்கு வெளியே, தெரு ஓரமாக, இரண்டடி மண்ணைத் திறந்தே விடவேண்டும். அதில் ஆவாரை, துத்தி, நொச்சி, எருக்கு என்று நம் மண்ணின் செடிகளை வைக்கவேண்டும். பூச்சிகள் டவுன்பஸ் மாதிரி வீட்டுக்கு வீடு நின்று ஏரிக்குப் போய்ச் சேரும். இதுதான் என் திட்டம். 'வண்ணத்துப்பூச்சி வழித்தடம்' என்று பெயரும் வைத்திருந்தேன். பேரூராட்சிப் பொறியாளரின் திட்டம் வேறு. தெருவின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் பேவர் பிளாக்.

அவர் நல்ல மனிதர். என் அறிக்கையைப் பொறுமையாகப் புரட்டினார். படங்களைப் பாராட்டினார். பிறகு, "ஏனுங்க மேடம், சனங்க ஒத்துக்கோணுமில்லீங்க. செடி கொடின்னா பாம்பு வரும்பாங்க. நீங்க ஒரே ஒரு ஊட்டுக்காரங்கள ஒத்துக்க வெச்சுக் காட்டுங்க. பொறவு பாத்துக்கலாம்" என்றார். பேவர் பிளாக் இறங்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதற்குள் ஒரு வீடு.

அந்த ஒரு வீடு எனக்குக் கையிலேயே இருந்தது. என் அக்கா சுமதியின் மாமனார் மூன்று லாரிக்குச் சொந்தக்காரர். அந்த மனையிடத்தின் இரண்டாவது தெருவில்தான் புதுவீடு கட்டி முடித்திருந்தார். ஆவணியில் புதுமனைப் புகுவிழா. கடவுளே வழிகாட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். காட்டியது யார் என்பதில் இப்போது எனக்குக் குழப்பம் இருக்கிறது.

முதல் செடியாக எருக்கைத் தேர்ந்தெடுத்தேன். ஆடு தின்னாது. தண்ணீர் கேட்காது. சித்திரை வெயிலுக்கும் அசராது. வெந்தய வரியன் என்கிற, ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு வெள்ளைக் கரை போட்ட வண்ணத்துப்பூச்சி தேடிப்போய் முட்டையிடுகிற செடிகளில் எருக்கு முக்கியமானது. இவ்வளவும் எனக்குத் தெரியும். பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை போடுவார்கள் என்பதும் தெரியும். ஆகவே மங்கலமான செடி என்று முடிவு செய்தேன். விதை எடுத்து, பையில் முளைக்கவைத்து, ஒரு முழம் வளர்ந்ததும் பித்தளை மாதிரி மினுமினுக்கும் தொட்டிக்கு மாற்றினேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் 'செடியெல்லாம் எதுக்கு, வெள்ளி விளக்கு இருக்குதே' என்பாள் என்று தெரியும். அவள் பிறந்த வீட்டுச் சீராக இருபத்தொரு தட்டு தயார் செய்திருந்தாள். பட்டு, வேட்டி, மஞ்சள், குங்குமம், தேங்காய், பழவகை, வெல்லம், அரிசி என்று வரிசையாக. அதில் என் தொட்டியையும் ஜிகினாத்தாள் சுற்றி ஒரு தட்டில் ஏற்றினேன். இருபத்திரண்டு ஆகிவிட்டது. சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் இருக்கவேண்டும். ஆகவே மாதுளம்பழத் தட்டை வேனிலேயே விட்டுவிட்டேன். சம்பிரதாயத்தில் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன்.

மேளம் முன்னே போக, ஆளுக்கொரு தட்டை ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தோம். கூடத்தில் வரிசையாக வைத்தோம். அக்காவின் மாமியார் பாவாயி அத்தை உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாக மூடியை எடுத்தார். சுற்றிலும் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பட்டுக்கு ஒரு தலையசைப்பு, வெள்ளி விளக்குக்கு இரண்டு. ஜிகினாத்தாள் பிரிந்தது.

கூடம் அமைதியானது. மேளக்காரர் தற்செயலாக அப்போதுதான் நிறுத்தியிருந்தார் என்று நினைக்கிறேன். பின்வரிசையில் ஒரு பெண்மணி, "எருக்கல்லொ அது" என்று கிசுகிசுத்தது எனக்கே கேட்டது.

அந்த அமைதியை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஆறு மாதமாகத் தயார் செய்து வைத்திருந்த சொற்பொழிவின் முதல் வரியை எழுந்து நின்று, கணீரென்று சொன்னேன்.

"அத்தை, உங்க ஊடு பூரா இந்த எருக்கு மொளைச்சுத் தழைக்கோணுமுங்க. அதுதான் என்ற ஆசை."

எங்கள் பக்கத்தில் பகை முற்றி, இனி பேச ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டால் கடைசியாக மண்ணை வாரித் தூற்றிச் சொல்வது ஒன்று உண்டு. 'உன் ஊட்டுல எருக்கு மொளைக்க.' குடும்பம் அற்றுப்போய், கூரை இறங்கி, ஆளில்லாத சுவருக்குள் எருக்கு முளைக்கட்டும் என்று அர்த்தம். இதைவிடப் பெரிய சாபம் எங்கள் தாலுகாவில் கிடையாது. நான் படித்த புத்தகங்கள் எதிலும் இது இல்லை. எடப்பாடியில் பிறந்து வளர்ந்த எனக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று பிறகு பலர் கேட்டார்கள். எங்கள் தெருவில் யாரும் யாரையும் அந்த அளவுக்குத் திட்டியதில்லை, அவ்வளவுதான். சத்தம் போட்டாலும் தறிச் சத்தத்தில் கேட்டிருக்காது.

அம்மா இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா கூரையைப் பார்த்தார். (அது இறங்கவில்லை.) அக்காவின் மாமனார் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, வெறும் திகைப்புதான். அப்போதுதான் அக்கா முன்னால் வந்தாள். கல்யாணமாகி மூன்று வருடமாக மாமியார் முன்னால் அதிர்ந்து பேசாதவள்.

"அத்தை, அது வெள்ளெருக்குங்க. பிள்ளையார் குடியிருக்கற செடி. நாந்தான் கொண்டாரச் சொன்னேன்."

வெள்ளெருக்கு என்றால் கதையே வேறு. அதன் வேரில் பிள்ளையார் செய்து வைப்பவர்கள் உண்டு, கிடைப்பதும் அரிது. 'வெள்ளெருக்காம், வெள்ளெருக்காம்' என்ற பேச்சு கூடத்திலிருந்து சமையல்கட்டு வரைக்கும் பரவியது. மேளம் மறுபடி தொடங்கியது. பாவாயி அத்தை அக்காவை ஒரு கணம் பார்த்தார், செடியை ஒரு கணம் பார்த்தார். பிறகு தொட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்.

பந்தி நடக்கும்போது அக்கா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"நெசமாவே வெள்ளெருக்கா?"

"இல்லக்கா. சாதா எருக்குதான். ஊதாப்பூ."

"பூக்க எத்தன மாசம் ஆகும்?"

"நல்லா வளந்தா ஆறு மாசத்துல பூத்துரும்."

"அப்ப நல்லா வளராதமாதிரி ஏதாச்சும் செய்" என்றாள். மாணவியாக இருந்த ஐந்து வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத உதவி.

எருக்கோ வெளுத்து வாங்கியது. பிள்ளையார் தெருவைப் பார்த்து இருக்கட்டும் என்று பாவாயி அத்தை அதைச் சுற்றுச்சுவருக்கு வெளியே, வாசல் கதவை ஒட்டி, நான் திட்டத்தில் கோடு போட்டிருந்த அதே இரண்டடியில் நட்டார். தினமும் குளித்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர். வெள்ளிக்கிழமை விளக்கு. மூன்றாம் மாதம் வரி வரியாகப் புழுக்கள் வந்தன. அவை வெந்தய வரியனின் புழுக்கள். நான் எதிர்பார்த்துக் காத்திருந்த விருந்தாளிகள். மருந்து அடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். அத்தையோ, "பிள்ளையார் செடியில இருக்கற உசுரு, அத நாம என்ன பண்றது" என்று விட்டுவிட்டாராம். என் அறிக்கையில் 'பூச்சிக்கொல்லியைத் தவிர்க்க மக்களுக்கு விழிப்புணர்வு முகாம்' என்று நான்கு பக்கம் எழுதியிருந்தேன்.

ஆனால் மகிழ முடியவில்லை. ஒவ்வொரு வாரமும் செடி உயர உயர அக்காவின் பொய்யும் உயர்ந்துகொண்டிருந்தது. பூ ஊதாவாக விரிந்தால் என்னை யாரும் ஒன்றும் செய்யப்போவதில்லை. நான் சேலத்தில் இருப்பேன். அந்த வீட்டில் விடிந்து எழுந்து அதே முகங்களைப் பார்க்கவேண்டியவள் அக்கா. மாமியாரை ஆறு மாதம் சாபச்செடிக்கு விளக்குப் போடவைத்தவள் என்ற பேர் சாகும்வரை நிற்கும். அதற்கிடையில் அவர்கள் லாரிக்கு ஏதாவது ஆனால் அதுவும் அவள் தலையில்தான் விடியும். அந்த ஆறு மாதமும் தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் இடையே ஓடிய அந்த மூன்று லாரிக்கும் ஒரு பஞ்சர்கூட ஆகக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன்.

மாசி மாதம் அக்கா ஒரு படம் அனுப்பினாள். கொத்தாக மொட்டு. நுனியில் ஊதா ஓடியிருந்தது.

உடனே போன் செய்தாள். "நாளைக்கு அத்தையும் மாமாவும் திருச்செங்கோட்டு மலைக்குப் போறாங்க. வர பொழுது சாயும். என்ன பண்ணுவியோ தெரியாது."

நான் என்ன செய்தேன் என்றால், எடப்பாடிக்கு வெளியே ஒரு தரிசில் பூத்து நின்ற வெள்ளெருக்கை விடிந்ததும் போய்த் தோண்டி, சாக்கில் கட்டி, ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்திச் சங்ககிரிக்குக் கிளம்பினேன். ஆழமாக வேரோடிய எருக்கைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது கடினம் என்று எனக்குத் தெரியாதா. தெரியும். பதினாறாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பாதி வழியிலேயே செடி வதங்கி, பஸ்ஸில் தூங்குகிறவர் மாதிரி என் தோளில் சாய்ந்துவிட்டது. ஓர் இடத்தில் டீ குடிக்க நின்றபோது கடைக்காரர், "யாருக்குங்க மந்திரிக்கப் போறீங்க?" என்று அக்கறையாக விசாரித்தார்.

அக்கா வாசலில் காவல் நிற்க, நான் கடப்பாரையோடு உட்கார்ந்தேன். தினமும் ஒரு சொம்பு தண்ணீர் குடித்த எருக்கு லேசில் அசையுமா. அரைமணி நேரம் தோண்டினேன். வேர் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. பொறுமை போய், தண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ஒரு கிளை மட்டும் முறிந்து வந்தது. பால் பீய்ச்சி என் கன்னத்தில் அடித்தது. (கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் என் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும், பதினான்காம் பக்கம்.) அக்கா தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினாள். அந்த இரண்டு நிமிடத்தில்தான் கார் வந்து நின்றது. அன்று மலையில் கூட்டமே இல்லையாம். தரிசனம் சீக்கிரம் முடிந்துவிட்டதாம்.

பாவாயி அத்தை இறங்கினார். கையில் பிரசாதப் பை. வீங்கிய கன்னத்தோடு குழிக்குள் கால்நீட்டி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். முறிந்த கிளையைப் பார்த்தார். பக்கத்தில் சாக்குக்குள் தலைதொங்கிக் கிடந்த வெள்ளைப் பூவைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. சொம்போடு வந்த அக்கா அப்படியே நின்றாள்.

அத்தை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அம்மிணி, எடப்பாடியில சீர் குடுத்துப்போட்டுத் திருப்பி எடுத்துட்டுப் போற வழக்கம் இருக்குதா?"

சாபம் விட்டதற்கு விளக்கம் யோசித்து வைத்திருந்தேன், இதற்கு யோசிக்கவில்லை. பிறந்த வீட்டுச் சீரைத் திரும்ப எடுப்பது என்றால் சம்பந்தமே வேண்டாம் என்று அறுத்துக்கொள்வது. சாபத்தைக்கூட வாய்தவறி என்று சொல்லிவிடலாம். கடப்பாரை வாய்தவறி வராது.

"அத்தை, அது வெள்ளெருக்கு இல்லீங்க. நாந்தான் பொய் சொன்னேன்" என்றாள் அக்கா. அழுதுவிட்டாள்.

"அது எனக்கு மொட்டுலயே தெரிஞ்சுது" என்றார் அத்தை. "நாளைக்கு உங்கம்மாள வரச் சொல்லு."

அன்று எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் அம்மா, சீரில் விட்டுப்போன மாதுளம்பழத்தையும் சேர்த்துப் பழத்தட்டோடு போனாள். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். அக்காவின் மாமனார், செடியைப் பிடுங்கி ஏரியில் போட்டுவிட்டு ஒரு பரிகாரம் செய்துவிடலாம் என்றார். அம்மா தலையாட்டினாள். நான் என் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"எதுக்குப் புடுங்கறது?" என்றார் பாவாயி அத்தை. "ஆளில்லாத ஊட்லதான் எருக்கு தானா மொளைக்கும். இது தானா மொளைச்சுதா? நான் தெனமும் தண்ணி ஊத்தி வளத்துனது. தண்ணி ஊத்த ஆளிருக்கற ஊடு எப்படிங்க பாழாகும்?"

அத்தை வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்பறம் தெருவெல்லாம் நான் வெள்ளெருக்குன்னு சொல்லி வெச்சிருக்கறேன். இப்பப் புடுங்குனா என்னையத்தான் சிரிப்பாங்க. சீரா வந்துது. சீரு சீருதான். இருக்கட்டும்."

இந்த இரண்டாவது காரணம்தான் முதல் காரணம் என்று என் சந்தேகம். ஆனால் வெளியே வரும்போது அத்தை அக்காவின் தோளைத் தட்டி, "தங்கச்சிக்கோசரம் அத்தன பேரு முன்னால பேசுன பாரு, அதுக்கோசரம் போகுது" என்றாராம். இதை அக்காதான் பிறகு சொன்னாள். ஒரு சபையில் நான் உளறியதைத் தன் வாழ்க்கையை வைத்து மூடியவள் அவள்.

பங்குனியில் பேவர் பிளாக் வந்து இறங்கியது. பொறியாளர் வந்தார், ஆட்கள் வந்தார்கள், சுவரோரம் நூல் பிடித்தார்கள். பொறியாளர் கேட்டிருந்த ஒரு வீட்டுச் சம்மதக் கடிதத்தை அத்தையிடம் நீட்ட எனக்குத் தைரியம் வந்திருக்கவில்லை. அறிக்கையோடு ஓரமாக நின்றேன். எருக்கு ஊதாவாகப் பூத்துக் குலுங்கியது. மேலே இரண்டு வெந்தய வரியன் சுற்றிக்கொண்டிருந்தன.

"ஏனுங்கம்மா, இந்த எருக்கஞ்செடிய எடுத்துப்போடலாமுங்களா?" என்றார் பொறியாளர்.

"தாராளமா எடுங்க" என்றார் அத்தை. "ஆனா அது எங்க சம்மந்தியூட்டுச் சீரு. சீர எடுத்தது நாந்தான்னு நீங்களே எடப்பாடிக்குப் போயி சொல்லிப்போடுங்க. ஒரு கல்யாணம் அறுந்தா நீங்கதான் பொறுப்பு."

பொறியாளரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு செடியைச் சுற்றி நீளவாக்கில் இரண்டடி மண்ணை விட்டுவிட்டு நூலைத் தள்ளிப் பிடிக்கச் சொன்னார்.

அதோடு முடிந்திருக்கும். மாலைக்குள் எதிர்வீட்டுக்காரர் வந்து, "அவங்களுக்கு மட்டும் எடம் உட்டிருக்கறீங்க, நாங்க வரி கட்டலீங்களா?" என்று கேட்டார். அடுத்த நாள் பக்கத்து வீடு. அந்த வாரத்துக்குள் அந்தத் தெரு முழுக்க எல்லா வீட்டு முன்னாலும் இரண்டடி மண் திறந்து கிடந்தது. எதற்கு என்று பலருக்குத் தெரியாது; அந்த வீட்டுக்கு இருக்கிறது, நமக்கும் வேண்டும். சிலர் ஆவாரை வைத்தார்கள், சிலர் நந்தியாவட்டை, ஒருவர் குரோட்டன்ஸ், ஒருவர் இன்னும் பைக் நிறுத்துகிறார். ஆனாலும் வண்ணத்துப்பூச்சிகள் ஏரி வரைக்கும் போகின்றன. நானே பின்னால் நடந்து பார்த்தேன். என் முப்பது பக்கத்தில் பக்கத்து வீட்டுப் பொறாமை என்ற தலைப்பு இல்லை. இப்போது நான் எழுதும் திட்டங்களில் அதற்குத்தான் முதலிடம். மரியாதையாக 'சமூகப் பங்கேற்பு' என்று எழுதிவிடுவேன்.

அக்காவுக்கும் மாமியாருக்கும் அதன்பிறகு குறையொன்றும் இல்லை. லாரி நான்காகிவிட்டது. தண்டனை எனக்கு மட்டும்தான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பாவாயி அத்தை புதிதாக யாரைப் பார்த்தாலும் என் கையைப் பிடித்து இழுத்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "இந்த அம்மிணிதானுங்க எங்க ஊட்டுல எருக்கு மொளைக்க வெச்சது" என்று அறிமுகம் செய்துவிட்டு நகர்ந்துவிடுவார். மீதியை நான்தான் விளக்கவேண்டும். பேவர் பிளாக்கில் ஆரம்பித்து வெந்தய வரியன் வரைக்கும் வருவதற்குள் கேட்பவர்கள் பந்திக்குப் போய்விடுவார்கள்.

தம்மம்பட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அத்தை இதையேதான் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். கல்யாணம் என்னவோ நடந்துவிட்டது. ஐந்து வருடம் ஆகிறது. மாமியார் தங்கமானவர். என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் கொல்லையிலிருந்து நான் பறித்துவரும் கறிவேப்பிலைக் கொத்தைக்கூட வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பி, ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குழம்பில் போடுகிறார்.